வென்றவர் எழுதியதா சீனாவின் வரலாறு?

வரலாறு என்பது வென்றவர் எழுதுவது என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு ஒரு பக்கமும் படிக்க வேண்டியதில்லை. சீனப் பேரரசுகளின் வம்ச வரலாறுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தத் தீர்ப்புதான் முதலில் வந்து விழுகிறது. ஒரு வம்சம் கவிழ்கிறது. கவிழ்த்தவன் அரியணை ஏறுகிறான். ஏறிய கையோடு எழுத்தர்களைக் கூட்டி, போனவர்களின் கதையைத் தனக்குத் தோதாக எழுதி வாங்கிக்கொள்கிறான். இப்படியே இரண்டாயிரம் ஆண்டு, 24 நூல், 3,200க்கு மேற்பட்ட சுருள். வெளியார் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. 1902ல் ஜப்பானில் அடைக்கலம் புகுந்திருந்த சீர்திருத்தவாதி லியாங் சீசாவ், இந்த நூல்களை வரலாறு என்றே ஒப்புக்கொள்ளாமல், 24 குடும்பங்களின் வம்சாவளி என்று ஒதுக்கித் தள்ளினார். மக்களைப் பற்றிப் பேசும் வரலாறு வேண்டும் என்று துடித்தவருக்கு அந்தக் கோபம் தேவையாயிருந்தது. நூறாண்டு கடந்த பிறகும் அந்தக் கோபத்தையே ஆராய்ந்து கண்ட முடிவுபோல நாம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் தவறு. இந்த நூல்களில் சார்பு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நாம் கைநீட்டும் இடத்தில் அது இல்லை. அரசனின் பொய் என்று தேடுகிறவர் கண்ணில், அரசன் மறைக்க விரும்பியும் மறையாமல் கிடக்கும் சான்றும் படாது, உண்மையான ஓரவஞ்சனை யாருடையது என்பதும் படாது.

முதலில், ‘அரசு எழுதிய வரலாறு’ என்ற பெயரே இந்த 24ல் பலவற்றுக்குப் பொருந்தவில்லை. முதல் நூலை எழுதிய சிமா சியெனிடம் யாரும் வரலாறு கேட்கவில்லை. தந்தை தொடங்கிவைத்த வேலையை அவர் தொடர்ந்தார். எதிரியிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகப் பரிந்து பேசியதற்கு, ஹான் பேரரசன் வூ அவருக்கு ஆண்மை நீக்கும் தண்டனை விதித்தான். அதைத் தாங்கிக்கொண்டு 130 இயல்களையும் எழுதி முடித்தார். இரண்டாம் நூலின் ஆசிரியர் பான் கு, அனுமதியின்றித் தனியாக வரலாறு எழுதினார் என்பதற்காகவே கைதானவர். அரசன் எழுதியதைப் படித்துப் பார்த்து, தொடரச் சொன்னான் என்பது பிற்பாடு நடந்தது. கி.பி. 92ல் அவர் சிறையில் இறந்தபோது நூல் முடிந்திருக்கவில்லை. முடித்தவர் தங்கை பான் சாவ். பிற்கால ஹான் வரலாற்றை எழுதிய ஃபான் யே, அந்த வம்சம் மறைந்து இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவர், அதுவும் ராஜதுரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர். வரலாற்றுக்கென அரண்மனைக்குள் நிரந்தர அலுவலகம் அமைந்ததே 629ல், தாங் பேரரசன் தைசோங் காலத்தில்தான். அதற்கு முந்தைய நூல்களை எந்த வெற்றியாளன் கணக்கில் எழுதுவது?

சிமா சியென் தன் சொந்த வம்சத்தின் முதல் அரசனை எப்படி எழுதினார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்குக்கு உரிய இயலைத் திறந்தால், கருவுறும்போது தாயின்மேல் கடல்நாகம் கவிந்திருந்தது, இடது தொடையில் 72 கரும் மச்சங்கள் இருந்தன என்றெல்லாம் அரசவை எதிர்பார்த்த அத்தனை அலங்காரமும் இருக்கும். அங்கேயே நூலை மூடிவிடுகிறவருக்கு அது பிரசாரம்தான். ஆனால் லியூ பாங்கிடம் தோற்று மாண்ட சியாங் யூவுக்கும் ஓர் இயல் இருக்கிறது, அதுவும் பேரரசர்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில். கி.மு. 205ல் பெங்செங்கில் படை சிதறி, குதிரைப்படை துரத்த, லியூ பாங் வண்டியில் தப்பியோடும் காட்சி அந்த இயலில்தான் வருகிறது. வழியில் கண்டெடுத்த சொந்த மகனையும் மகளையும், வண்டியின் பாரம் குறையட்டும் என்று அவன் கீழே தள்ளுகிறான். வண்டியோட்டி இறங்கி அவர்களைத் தூக்கி ஏற்றுகிறான். மறுபடி தள்ளுகிறான், மறுபடி ஏற்றுகிறான். இப்படி மூன்று முறை. இரண்டாண்டு கழித்து, சியாங் யூ லியூ பாங்கின் தந்தையைப் பிடித்துவைத்து, சரணடையாவிட்டால் உயிரோடு வேகவைப்பேன் என்று மிரட்டுகிறான். நாம் இருவரும் சகோதரர்களாகச் சத்தியம் செய்தவர்கள், ஆகவே என் அப்பா உனக்கும் அப்பா, வேகவைத்தால் எனக்கும் ஒரு குவளை ரசம் அனுப்பு என்று பதில் போகிறது. தள்ளப்பட்ட அந்தப் பையன்தான் பின்னால் ஹான் வம்சத்தின் இரண்டாம் பேரரசன்.

தண்டனையின் வடு சுமந்தவர் சிமா சியென், பழிதீர்க்க எழுதினார், அவரைப் பொதுவிதியாக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பான் கு. அவர் அரசனின் ஊழியர், ஹான் வம்சத்தின் விசுவாசி. சியாங் யூவைப் பேரரசர் வரிசையிலிருந்து கீழே இறக்கியதும் அவரே. அதே பான் கு, பிள்ளைகளை வண்டியிலிருந்து தள்ளிய செய்தியைத் தூக்கியெறியவில்லை. லியூ பாங்கின் சொந்த இயலுக்குள்ளேயே, நாகம் கவிந்த கதை இருக்கும் அதே இயலுக்குள், கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆளும் வம்சம் அரியணையில் இருக்கும்போது, அதன் ஊழியன், அதன் மூதாதையைப் பற்றி எழுதியது இது. அரசர் வரலாறு, அட்டவணை, துறைவாரி ஆய்வு, தனிமனிதர் வாழ்க்கை என்று ஒரே காலத்தைப் பல பெட்டிகளில் பிரித்துச் சொல்லும் இந்த நூல்களின் அமைப்பே எழுத்தருக்குப் பாதுகாப்பு. ஒரு பெட்டியில் மரியாதை, மறு பெட்டியில் நடந்தது. முழுவதும் படிக்கிறவருக்கு மட்டும் இரண்டும் கிடைக்கும். சீனப் படிப்பாளிகளுக்கு இது தெரிந்த வித்தைதான். நமக்குத்தான் முதல் பெட்டியோடு களைப்பு வந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி தைசோங். 626ல் சுவான்வூ வாயிலில் பதுங்கியிருந்து, பட்டத்து இளவரசனான அண்ணனையும் ஒரு தம்பியையும் கொன்று, தந்தையை ஒதுக்கி ஆட்சிக்கு வந்தவர் அவர். அரசனின் அன்றாடச் சொல்லையும் செயலையும் உடனிருந்து எழுதும் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எழுதும் பொறுப்பிலிருந்த சூ சுய்லியாங், அரசன் அதைப் பார்க்கும் வழக்கம் இல்லை என்று மறுத்தார். நான் தவறு செய்தால் அதையும் எழுதுவாயா என்று கேட்டபோது, அதுதான் என் வேலை என்றார். பின்பு தைசோங் வேறு வழியில் நுழைந்தார். குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கும் ‘மெய்ப்பதிவு’ என்ற அடுத்த கட்ட ஏட்டை, தலைமை அமைச்சர் ஃபாங் சுவான்லிங் அவருக்குக் காட்டிவிட்டார். சுவான்வூ வாயில் பகுதி பூசிமெழுகியிருப்பதைக் கண்ட அரசர், நாட்டைக் காக்க அப்படிச் செய்தேன், அதை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று உத்தரவிட்டார். பெருந்தன்மைபோலத் தோன்றும் இந்த உத்தரவு, உண்மையில் கொலைக்கு நியாயம் கற்பிக்கும் உத்தரவு. தாங் தொடக்கம் பற்றிய அரசு வரலாற்றில் அண்ணன் சோம்பேறியாகவும் தந்தை தயங்குகிறவராகவும் தைசோங்கே எல்லாவற்றையும் திட்டமிட்டவராகவும் வருவது இதனால்தான். இதுவரை எதிர்த்தரப்பு சொல்வதெல்லாம் சரி.

ஆனால் அரசர் எட்டிப்பார்த்தார் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அதே வரலாற்று அலுவலகத்தார் எழுதிவைத்ததால்தான் தெரியும். திருத்திய சங்கதியும் திருத்தச் சொன்ன சங்கதியும் ஒரே கையிருப்பிலிருந்து வருகின்றன. அது மட்டுமல்ல, தந்தையின் படையோடு சென்ற எழுத்தர் வென் தாயா, 617ல் கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து முடிசூட்டு வரை 357 நாளுக்கு எழுதிய குறிப்பு மூன்று சுருள்களாக இன்றும் இருக்கிறது. அதில் தந்தைதான் தலைவர். மூத்த மகன் இடப்படையையும் இளையவர் வலப்படையையும் நடத்துகிறார்கள். சோம்பேறி அண்ணனைக் காணவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் பார்த்தார் தைசோங். சோறு வடித்தவன் கணக்கு பக்கத்திலேயே இருந்துவிட்டது. இந்த அலுவலகத்தைப் பற்றிய மிகக் கடுமையான குற்றப்பத்திரிகையை எழுதியவரும் உள்ளே வேலை பார்த்தவர்தான். ஒரு சொல் எழுதினால் உடனே அவை முழுக்கத் தெரிந்துவிடுகிறது, மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றெல்லாம் புகார் அடுக்கி 708ல் விலகிய லியூ ஜிஜி, இரண்டாண்டில் வரலாறு எழுதுவதைப் பற்றியே ஒரு நூல் எழுதி முடித்தார். சோங் காலத்தில் ஷென்சோங் பேரரசனின் மெய்ப்பதிவைக் கட்சிக்காரர்கள் மாறிமாறித் திருத்தினார்கள். அதைக் கடைசியில் சீர்செய்த ஃபான் சோங், பழைய வாசகத்தைக் கறுப்பிலும் நீக்கியதை மஞ்சளிலும் புதிதாகச் சேர்த்ததைச் சிவப்பிலும் எழுதிக் காட்டினார். பொய் எழுதும் ஊர்தான். ஆனால் திருத்தத்தின் தடத்தையும் காட்டத் தெரிந்த ஊர்.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். அடுத்த வம்சம் எழுதியதால் உண்மை கெட்டதா? என் வாதம் நேர்மாறானது: கெட்ட இடங்களில் பெரும்பாலும் சொந்த வம்சமே கெடுத்தது, அடுத்த வம்சம் வந்த பிறகே பல விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 1402ல் அண்ணன் மகன் ஜியென்வென்னை வீழ்த்தி அரியணையைப் பிடித்த மிங் பேரரசன் யோங்லே, தன் தந்தையின் மெய்ப்பதிவை இரண்டு முறை திருப்பி எழுதவைத்தான். முதல் வடிவம் இன்று இல்லை. ஜியென்வென் ஆண்ட நான்கு ஆண்டுகளின் பெயரையே அழித்து, இறந்துபோன தன் தந்தையின் ஆட்சியாண்டுகள் தொடர்ந்ததாகக் கணக்கு காட்டினான். செத்தவன் 35ஆம் ஆட்சியாண்டு வரை ஆண்டுகொண்டிருந்தான். அந்த ஆண்டுப் பெயர் திரும்பக் கிடைத்தது 1595ல். ஜியென்வென்னுக்குப் பேரரசருக்குரிய தனி இயலை முறைப்படி அமைத்துக் கொடுத்தது மிங்கை வீழ்த்திய மஞ்சுக்களின் சிங் அரசு 1739ல் முடித்த மிங் வரலாறு. யோங்லேயைக் காப்பாற்ற மஞ்சுக்களுக்கு என்ன அவசியம்? 276 ஆண்டு நீண்ட வம்சத்தில், வென்றவனுக்குச் சொந்த அக்கறை இருப்பது இரண்டு இடங்களில்தான்: தன் மூதாதையர் தலைகாட்டும் இடம், பழைய வம்சம் விழும் இடம். நடுவில் இருக்கும் இரண்டரை நூற்றாண்டில் அவனுக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை.

அந்த இரண்டு இடங்களில் சிங் அரசு செய்தது சாதாரணமானதல்ல என்பதை மறுக்கவில்லை. ஹுஜோ நகரச் செல்வர் ஜுவாங் திங்லோங் தொகுத்த மிங் வரலாறு, மிங் ஆண்டுக்கணக்கைப் பயன்படுத்தியது, மஞ்சு மூதாதையரை வெறும் பெயர் சொல்லிக் குறித்தது என்பதற்காக 1661 முதல் 1663 வரை நடந்த வழக்கில் ஏறக்குறைய 70 பேர் கொல்லப்பட்டார்கள். ஜுவாங் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பிணத்தைத் தோண்டியெடுத்துத் தண்டித்தார்கள். அரசு முடித்த மிங் வரலாற்றில், மஞ்சுக்களின் முன்னோர் மிங் அரசின் கீழ் எல்லைக் காவல் தலைவர்களாகப் பதவி வாங்கியிருந்த சங்கதி காணாமற்போனது. மஞ்சு ஆட்சியை நிறுவிய நுர்ஹாச்சியே 1590ல் பெய்ஜிங்குக்கு நேரில் வந்து கப்பம் செலுத்தியவர். இதையெல்லாம் 20ஆம் நூற்றாண்டில் மெங் சென் என்ற ஆய்வாளர் வரிசைப்படுத்திக் காட்டினார். எதிலிருந்து? கொரிய அரசின் மெய்ப்பதிவுகளிலிருந்தும், மிங் அரசின் ஏறத்தாழ 3,000 சுருள் மெய்ப்பதிவுகளிலிருந்தும். அந்த மிங் மெய்ப்பதிவுக்கு இன்று அச்சில் இருக்கும் பதிப்பின் மூலப்படி, சிவப்புக் கோடிட்ட தாளில், சிங் அரசின் மிங் வரலாற்று அலுவலகம் தன் வேலைக்காக எடுத்துவைத்த படி. எழுபது உயிரைப் பறித்த அரசின் அலுவலகத்திலேயே, அதன் ரகசியத்தை உடைக்கும் ஏடு பத்திரமாக இருந்தது. உயிர்களுக்கு அது ஈடாகாது. ஆனால் வென்றவர் எழுதினார், ஆகவே ஒன்றும் மிஞ்சவில்லை என்ற வாதத்துக்கு இது மரண அடி.

எழுதியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மிங் வரலாற்றின் கையெழுத்துப் படியை உருவாக்கிய உழைப்பில் பெரும்பங்கு வான் சித்தோங்குடையது. அவர் மிங் விசுவாசியான ஹுவாங் சோங்ஷியின் மாணவர். சிங் அரசின் பதவியும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம் என்று சாதாரணக் குடிமகனாக இருந்து வேலை செய்தார். தோற்றவர் எழுதினார், வென்றவர் அச்சிட்டார் என்பதே பொருத்தம். மங்கோலியர் விஷயமும் அப்படித்தான். 1276ல் சோங் தலைநகரம் விழுந்தபோது, நாடு அழியலாம், அதன் வரலாறு அழியக் கூடாது என்ற எண்ணத்தில் மங்கோலியப் படையின் தளபதி தோங் வென்பிங் சோங் அரசின் 5,000க்கு மேற்பட்ட ஏடுகளை மூட்டை கட்டி வடக்கே அனுப்பினார். அவற்றை வைத்து 1345ல் மங்கோலிய அரசு முடித்த சோங் வரலாற்றில், மங்கோலியருக்குப் பணிய மறுத்து, 1283ல் குப்ளாய் கானின் ஆணையால் வெட்டப்பட்ட வென் தியென்சியாங் மாவீரனாக நிற்கிறார். சிங் பேரரசன் சியென்லோங் 1776ல் இன்னும் ஒரு படி போனார்: மிங்கை விட்டு மஞ்சுக்களிடம் சேர்ந்து, பேரரசு கட்ட உதவியவர்களை ‘இரண்டு வம்சத்துக்கு ஊழியம் செய்தவர்கள்’ என்று தனிப்பட்டியலில் அடைக்கச் சொன்னார். இதுவும் சுயநலம்தானே, தன் அதிகாரிகளுக்கு விசுவாசம் கற்பிக்கத்தானே என்று கேட்டால், ஆமாம். சுயநலமேதான். ஆனால் அந்தச் சுயநலத்தால் எதிரியின் வாழ்க்கை வரலாறு காப்பாற்றப்பட்டது.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் இயல் இதே சோங் வரலாற்றில் உண்டு. ‘சூலியென்’ என்ற பெயரில் வரும் நாடு சோழநாடு. ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் 1,150 நாள் பயணத்துக்குப் பின் 1015ல் வந்து சேர்ந்தார்கள். 21,100 லியாங் எடை முத்தும் 60 யானைத் தந்தமும் கொண்டுவந்தார்கள் என்று பதிவு. சோழ மன்னன் எழுதியதாக அங்கே இருக்கும் ஓலையில் தன்னைப் பூச்சியினும் சிறியவன் என்று தாழ்த்திக்கொள்கிறான். எந்தச் சோழ ஓலைநாயகமும் அப்படி எழுதியிருக்க மாட்டான். அது சீன அவைக்காக மொழிபெயர்ப்பாளர் போட்ட ஜோடனை. வணிகமாக வந்ததெல்லாம் கப்பம் என்று பெயர் பெறும். இதுதான் சார்பு. ஆனால் 1077 தூதுக்கு வாருங்கள்: கப்பம் கட்டியதாகச் சொல்லப்படும் சோழ மன்னனுக்கு 81,800 கோவைச் செப்புக்காசும் 52,000 லியாங் வெள்ளியும் திருப்பிக் கொடுத்ததை அதே ஏடு எழுதிவைக்கிறது. பெயர் கப்பம், ரசீது வியாபாரத்துக்கு. 1106ல் பாகான் தூதரை எப்படி வரவேற்பது என்ற விவாதத்தில், சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது என்று அதிகாரிகள் சொன்னதையும் அந்நூல் அப்படியே தருகிறது. கடாரம் கொண்ட ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 1025ல் நடந்தது அதற்கு நேர் எதிர். ஆனால் இது புனைந்த பொய்யல்ல. ஓர் அலுவலகக் குறிப்பின் தவறு, திருத்தாமல் படியெடுத்த தவறு. பொய்யனிடமிருந்து கிடைப்பதைவிட, இப்படிப்பட்ட குமாஸ்தாவிடமிருந்து வரலாற்றாளருக்கு அதிகம் கிடைக்கும்.

குமாஸ்தா என்றதும் உண்மையான குற்றச்சாட்டுக்கு வந்துவிட்டோம். இந்த 24 நூல்களின் சார்பு அரசன் பக்கம் இருப்பதைவிட அதிகாரி பக்கம் அதிகம். அதிகாரிகள் அதிகாரிகளுக்காக எழுதியது இது என்று பிரான்ஸில் பணியாற்றிய சீனவியலாளர் எத்தியென் பலாஸ் சொன்னது சரியான இலக்கு. அதிகாரிகளின் பேச்சைக் கேட்ட அரசன் நல்லவன். அவர்களைச் சந்திக்கவே மறுத்த வான்லி பேரரசன்மேல் மிங் அழிவின் பொறுப்பே விழுகிறது. அதே மிங் வரலாற்றின் வரிசையைப் பாருங்கள்: கற்புக்கும் தற்கொலைக்கும் புகழ்பெற்ற பெண்களுக்கு 301 முதல் 303 வரையிலான சுருள்கள், அடுத்த இரண்டு அரண்மனை நபும்சகர்களுக்கு, 309 கொள்ளைக்காரர்களுக்கு. 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடல் கடந்த செங் ஹ, கப்பற்படைத் தலைவராக எங்கும் இல்லை. 304ஆம் சுருளில், நபும்சகர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பசியில் கிளர்ந்தெழுந்த விவசாயி கொள்ளைக்காரச் சுருளில்தான் முகம் காட்ட முடியும்; உப்பு வணிகன் வரிக்கணக்கில்தான். இவர்களில் எவரும் தோற்ற வம்சத்தைச் சேர்ந்தவர்களல்ல. எந்த வம்சம் வென்றாலும் இவர்கள் அதே இடத்தில்தான் இருந்திருப்பார்கள். ‘வென்றவர் எழுதியது’ என்ற வாய்ப்பாடு இதைத்தான் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. லியாங் சீசாவ் மக்களின் வரலாற்றைக் கேட்டது சரி. குற்றவாளி என்று 24 குடும்பங்களைக் காட்டியதுதான் தவறு. ஆண்ட குடும்பங்கள் மாறின, எழுதிய கூட்டம் மாறவில்லை.

கடைசியாக ஒன்று. 1911ல் புரட்சி வென்றது. குடியரசு அரசு 1914ல் பணம் ஒதுக்கி, சிங் வம்சத்தின் வரலாற்றை எழுத ஆட்களை அமர்த்தியது. அமர்த்தப்பட்டவர்கள் பழைய சிங் அதிகாரிகள். அச்சாகி வந்த வரைவு, மறைந்த அரசவைக்கு மரியாதையும், தன்னைப் பணியமர்த்திய குடியரசின் புரட்சியாளர்களுக்குக் கலகக்காரப் பட்டமும் கொடுத்தது. 1930ல் தேசியவாத அரசு அந்த நூலைத் தடை செய்தது. 2002ல் பெய்ஜிங் அரசு புதிய சிங் வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கியது; அது இன்னும் வெளிவரவில்லை. சிங் ஆட்சியைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது, தோற்றவர்கள் எழுதிய அந்த வரைவைத்தான்.